உஷார்! நாய்க்கு நெறி கட்டியிருக்கிறதா? மாத்திரைப் பெட்டியைத் தொடாதீர்கள்

மெல்பர்னில் டண்டினொங் பக்கம் நாய் வளர்க்கும் தமிழ் வீடுகளுக்கு இது அவசரச் செய்தி. உங்கள் நாயின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. அமுக்கினால் அது கத்தவில்லை. வைத்ததைத் தின்கிறது, வாலாட்டுகிறது, பந்தை எறிந்தால் பாய்கிறது. "எங்கேயாவது காயம் பட்டிருக்கும், நெறி கட்டியிருக்கு, தானா வத்திடும்" என்று நினைக்கிறீர்கள். போன வசந்தகாலத்தில் அரிப்புக்கு வெட் (கால்நடை மருத்துவர்) கொடுத்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஃபிரிட்ஜ் மேலே மிச்சம் கிடக்கிறது. வீக்கத்துக்கு நல்லதுதானே என்று ஒன்றை எடுத்து இறைச்சித் துண்டுக்குள் பொதிந்து கொடுக்கப் போகிறீர்கள்.

கொடுக்காதீர்கள். அந்த ஒரு மாத்திரை, உங்கள் நாய்க்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு கொடுக்கப்போகும் மருந்தையும் வேலை செய்யவிடாமல் கெடுக்கலாம்.

நான் சொல்வது லிம்போமாவைப் பற்றி, அதாவது நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி. நாய்களுக்கு மிகப் பரவலாக வரும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் நடுவயது தாண்டிய, ஆறு முதல் ஒன்பது வயது நாய்களுக்கு வரும். பாக்ஸர், புல் மாஸ்டிஃப், ராட்வைலர், கோல்டன் ரிட்ரீவர் ஆகியவற்றுக்கு ஆபத்து கூடுதல். கோல்டன் ரிட்ரீவர் இனத்தில் புற்றுநோய் ஏன் இத்தனை என்று அறிய அமெரிக்காவின் மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012 முதல் 3,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. அதற்காக மற்ற இனங்களுக்கு வராது என்றில்லை. லாப்ரடாருக்கு வரும், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வரும், கலப்பின நாய்க்கும் வரும்.

ஸ்டீராய்டு மாத்திரை எப்படி நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மெல்பர்ன் வசந்தம் புல் மகரந்தத்தின் காலம். 2016 நவம்பர் 21 அன்று இடிமழையோடு வந்த ஆஸ்துமா அலையில் இந்த நகரத்தில் பத்துப் பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காரணம் ரை புல்லின் மகரந்தம். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அவசரத்துக்கென்று பிரெட்னிசலோன் வைத்திருப்பதும் உண்டு. அதே புல்லில்தான் நாயும் புரள்கிறது. போதாததற்கு, மெல்பர்ன் ஓடைக்கரைகளில் படர்ந்துகிடக்கும் ட்ரடஸ்காண்டியா என்ற களைக்கொடி வேறு. நாயின் வயிறு அதில் உரசினால் போதும், சிவந்து தடித்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டே கிடக்கும். வெட் ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பார். மூன்றாம் நாளே சொறி நின்றுவிடும், மிச்ச மாத்திரை வீட்டில் தங்கிவிடும். எதையும் வீணாக்க மனம் வராத நமக்கு அதைக் குப்பையில் போடவும் கை வராது.

இந்த மாத்திரை லிம்போமாவில் செய்யும் காரியம் விபரீதமானது. பிரெட்னிசலோன் நிணநீர் செல்களைக் கொல்லும். புற்றாக மாறிய நிணநீர் செல்களையும் கொல்லும். ஆகவே இரண்டு மூன்று நாளில் கட்டி சுருங்கிவிடும். "பாத்தியா, சும்மா வீக்கம்தான்" என்று வீடே நிம்மதியாகும். ஆனால் சாவது மருந்துக்குப் பணிந்துபோகும் செல்கள் மட்டுந்தான். மருந்தைத் தாக்குப்பிடிக்கும் முரட்டுச் செல்கள் உள்ளே தங்கி, சில வாரத்தில் பெருகித் திரும்பும். இவை ஸ்டீராய்டை மட்டுமல்ல, வேறு பல புற்றுநோய் மருந்துகளையும் எதிர்க்கப் பழகியிருக்கும். முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட நாய்களுக்கு கீமோதெரபியின் பலன் குறைந்த காலமே நீடிக்கிறது என்பது புற்றுநோய் வெட்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சேதி. நடுவில் ஊசிச் சோதனை செய்தாலும், செத்தும் சிதைந்தும் கிடக்கும் செல்களைப் பார்த்து ஆய்வகம் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதி அனுப்பும்.

வீட்டில் நாயின் முழங்காலுக்கு மெலாக்சிகம் போன்ற வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரைப்பையில் புண் விழும், ரத்தம் கசியும்.

சரி, கட்டியை எங்கே தேடுவது? நாய் நின்றுகொண்டிருக்கும்போது இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள். தாடையின் கீழ் மூலை, தோளுக்கு முன்னால் கழுத்து இறங்கும் இடம், முன்கால் கக்கம், தொடை இடுக்கு, பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறம். நடுத்தர நாய்க்கு முழங்காலின் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒன்று எப்போதும் தட்டுப்படும், அது இயல்பு. அதுவே எலுமிச்சை அளவுக்கு, கெட்டியாக, வலியில்லாமல், தோலுக்கடியில் நழுவுவதாக இருந்தால் பயப்பட வேண்டிய விஷயம். தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியும் இருக்கிறது. அதைக் கட்டி என்று நினைத்து ஓடி வருகிறவர்களும் உண்டு. அப்படி ஓடி வருவதில் ஒரு தவறும் இல்லை.

வலியில்லை என்பதுதான் நம்மை ஏமாற்றும் சங்கதி. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும், புண் ஆறினால் வற்றும் என்று நாம் மனிதரைப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறோம். கிருமித்தொற்றால் வரும் நெறி பெரும்பாலும் அப்படித்தான். லிம்போமா அப்படியல்ல. நாய்களுக்கு வரும் லிம்போமாவில் பத்தில் எட்டுக்கும் மேல், உடம்பெங்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும் வகைதான். அந்த நாய்களில் பல, கண்டுபிடிக்கும் அன்றுகூடச் சுறுசுறுப்பாகவே இருக்கும். சிகிச்சையே இல்லாமல் விட்டால் சராசரியாக நான்கிலிருந்து ஆறு வாரம்தான். "பள்ளி விடுமுறை முடியட்டும், பிறகு காட்டுவோம்" என்று தள்ளிப்போட இந்த நோயில் இடமில்லை.

இன்னொரு தாமதம் தொலைபேசி வழியாக வரும். படத்தை வாட்ஸாப்பில் அனுப்பியதும் யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் சொல்வார்: "உது உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கும், டொக்சிசைக்கிளின் குடுங்கோ, ஒரு கிழமையில மாறிடும்." சென்னையிலிருந்து பெரியப்பா மகனும் அதையேதான் சொல்வார். அவர்கள் ஊரில் அது நியாயமான யோசனை. உண்ணி பரப்பும் எர்லிச்சியா நோய் தமிழ்நாட்டு நாய்களிடையே ஏராளம். அதிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும், காய்ச்சல் வரும், மூக்கில் ரத்தம் வரும். சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் விலக்கிப் பார்ப்பார்கள். ஆனால் டண்டினொங் வேப்பேரி அல்ல. ஆஸ்திரேலியாவுக்குள் எர்லிச்சியா கேனிஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 2020 மே மாதம், அதுவும் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியான கிம்பர்லியில். அதைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணிக்கு வெப்பம் வேண்டும். மெல்பர்ன் குளிரைத் தாண்டி வெளியூர் போகாத நாய்க்கு முதல் சந்தேகம் அதுவாக இருக்கக் கூடாது. வடக்கே எங்கேனும் நாயைக் கூட்டிப்போயிருந்தால், அங்கிருந்து மீட்டு வளர்ப்புக்கு எடுத்த நாயாக இருந்தால், அதை வெட்டிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் அதற்கான ரத்தச் சோதனையையும் சேர்த்துச் செய்வார். டாக்ஸிசைக்ளின் கொடுத்து ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

சோதனை என்றதும் பலர் பயப்படுவது "கத்தி வைப்பார்களா, மயக்கம் கொடுப்பார்களா" என்றுதான். முதல் சோதனைக்குப் பெரும்பாலும் இரண்டும் வேண்டாம். தடுப்பூசிக்கு எடுக்கும் மெல்லிய ஊசி போதும். வெட் கட்டியை இரு விரலுக்கு நடுவே அசையாமல் பிடித்துக்கொண்டு, ஊசியை உள்ளே நுழைத்து நாலைந்து முறை முன்னும் பின்னும் நகர்த்துவார். ஊசியின் குழலுக்குள் செல்கள் ஏறிவிடும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஊதி, இன்னொரு சில்லால் மிக மெதுவாக இழுத்துப் பரப்புவார். இந்த "மெதுவாக" முக்கியம். நிணநீர் செல்கள் நொய்மையானவை, கொஞ்சம் அழுத்தினாலும் உடைந்து கூழாகிவிடும், அப்புறம் படிக்க ஒன்றும் இருக்காது. காற்றில் உலர்த்தி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் விடை தெரியத் தொடங்கும். நல்ல கணுவில் பெரும்பாலானவை சின்னஞ்சிறு நிணநீர் செல்கள். லிம்போமா வந்த கணுவில் பாதிக்கும் மேல் பெரிய, முதிராத செல்கள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். இந்தக் காட்சி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் இந்த ஊசியிலேயே நோய் உறுதியாகிவிடும்.

இங்கே ஒரு சூட்சுமம். தாடைக்குக் கீழே இருக்கும் கட்டிதான் நம் கண்ணில் முதலில் படும். "இதிலே குத்துங்கள்" என்று அதைத்தான் காட்டுவோம். ஆனால் பல் சொத்தை, ஈறு வீக்கம் உள்ள நாய்க்கு அந்தக் கணு சும்மாவே வீங்கியிருக்கும். அதனால் தோளுக்கு முன்னாலோ முழங்காலுக்குப் பின்னாலோ வீங்கியிருந்தால் அங்கே எடுப்பதே நல்லது. முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு கணுக்களில் எடுக்கலாம். "வேற இடத்துல எடுக்க முடியுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் வெட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

"ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். ரத்தச் சோதனை சுத்தமாக இருப்பது லிம்போமா இல்லை என்பதற்குச் சாட்சியே அல்ல. பல நாய்களுக்கு ரத்த எண்ணிக்கை ஒழுங்காகவே இருக்கும். ரத்தச் சோதனை வேறு காரியத்துக்கு உதவும்: சோகை உண்டா, சிறுநீரகமும் ஈரலும் சிகிச்சையைத் தாங்குமா, கால்சியம் ஏறியிருக்கிறதா. குறிப்பாகக் கால்சியம். டி செல் என்ற ஒரு வகை லிம்போமாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியம் கூடிவிடும். அப்படியானால் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும், சோர்ந்து படுக்கும். "வெயில் காலம், குடிக்கிறது" என்று விட்டால் சிறுநீரகம் கெடும்.

ஊசிச் சோதனையில் சந்தேகம் மிச்சமிருந்தால் கணுவையே எடுத்துத் திசுச் சோதனை செய்வார்கள், அதற்கு மயக்கம் வேண்டும். இல்லையென்றால் பார் என்ற மரபணுச் சோதனை. எல்லாச் செல்களும் ஒரே தாய்ச் செல்லின் வாரிசுகளா என்று அது பார்க்கும். ஒரே குடும்பம் என்றால் புற்று, கலவையான கூட்டம் என்றால் பெரும்பாலும் தொற்றை எதிர்க்கத் திரண்டவை. மூன்றாவது ஃப்ளோ சைட்டோமெட்ரி. இதற்கு உயிருள்ள செல்கள் தேவை, மாதிரி சீக்கிரம் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தால் வார இறுதி முழுக்க எங்காவது காத்துக்கிடந்து வீணாகும். எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை சோதனை எதற்கு, காசு பிடுங்கவா? அந்தச் சந்தேகம் எனக்கும் புரியும். ஆனால் லிம்போமா ஒரே நோயல்ல. பி செல் வகை கீமோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படும். டி செல் வகை பெரும்பாலும் முரடு, பாக்ஸர் நாய்களுக்கு வருவது அதிகமும் அதுதான். அந்த டி செல் கூட்டத்திலேயே டி சோன் என்று ஒரு சாதுவான கிளை இருக்கிறது, கோல்டன் ரிட்ரீவர்களில் அடிக்கடி காண்பது. பெரிய சிகிச்சை இல்லாமலே அந்த நாய்கள் பல இரண்டு ஆண்டு வரைகூட இருந்துவிடும். வகை தெரியாமல் பயந்து, அப்படிப்பட்ட நாயைக் கருணைக்கொலைக்குக் கொடுத்துவிட்டால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! மறுபக்கம், முரட்டு வகையைச் சாது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் கைவிட்டுப் போகும்.

கட்டியே இல்லாமலும் லிம்போமா வரும். குடலில் வந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு இளைப்பு. நெஞ்சுக்குள் வந்தால் மூச்சு வாங்கும், சில நாய்களுக்கு முகமும் கழுத்தும் உப்பும். அப்படி முகம் உப்பி மூச்சுத் திணறினால் காலைவரை காத்திருக்காமல் இரவு திறந்திருக்கும் அவசர மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் வந்தால் செதில் செதிலாகச் சிவந்து, உதட்டோரம் வெளுத்து, அசல் ஒவ்வாமை போலவே தெரியும். மாதக்கணக்கில் ஷாம்பூவும் களிம்பும் போட்டும் ஆறாத தோலுக்கு, சின்னத் துண்டு எடுத்துத் திசுச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

சிகிச்சையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முழுக் குணம் அபூர்வம். சாப் என்று அழைக்கப்படும் நான்கு மருந்துக் கூட்டை ஏறக்குறைய ஐந்தாறு மாதம் கொடுத்தால், பி செல் வகையில் பத்தில் எட்டு ஒன்பது நாய்களுக்குக் கட்டிகள் கரைந்துவிடும். சராசரியாக ஓராண்டு ஆயுள், இரண்டு ஆண்டு தாண்டுபவை நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ. மனிதருக்கு நடப்பது போல வாரக்கணக்கில் படுக்கையில் விழுவது குறைவு. பெரும்பாலான நாய்களுக்கு முடியும் கொட்டாது, பூடில் போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்கள்தான் விலக்கு. ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஒன்று முதல் மூன்று மாதம். ஆமாம், அதே பிரெட்னிசலோன்தான். சோதனை முடிந்து, வகை தெரிந்து, செலவைப் பார்த்து, "கடைசி நாட்களில் வலியில்லாமல் இருக்கட்டும்" என்று முடிவெடுத்தால் அது கண்ணியமான வழி. ஊசிக்கு முன்னால் கொடுப்பதுதான் குற்றம்.

அந்த நான்கில் ஒன்றான வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் அதை வயலாகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். இதைச் சொன்னதும் யாரோ ஒருவர் இலையை அரைத்து நாய்க்குப் புகட்டக் கிளம்பிவிடுவார் என்று தெரியும், அதனால் சேர்த்தே சொல்கிறேன்: செடி நஞ்சு. அதில் அந்த மருந்து இருக்கும் அளவு அற்பம், மற்ற விஷங்கள் நாயைப் படுக்கவைத்துவிடும்.

கீமோ எடுக்கும் நாயின் சிறுநீர், மலத்தில் சில நாட்களுக்கு மருந்து மிச்சம் வரும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அதை முன்கூட்டியே வெட்டிடம் சொல்லுங்கள், கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். லிம்போமா நாயிலிருந்து நாய்க்கோ மனிதருக்கோ தொற்றாது, நாயை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். முழுக் கீமோ பல ஆயிரம் டாலர் இழுக்கும். நாய்க்கு மெடிகேர் கிடையாது. காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. வெட்டின் குறிப்பில் கட்டி என்று ஒரு வார்த்தை விழுந்த பிறகு எடுத்த காப்பீடு, "முன்பே இருந்த நோய்" என்று கைவிரித்துவிடும். ஏப்ரல் 10க்குள் நாயின் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஒருநாளும் மறக்காத நாம் இதில் கோட்டைவிடுகிறோம். கையில் பணமில்லை என்றால் அதையும் வெட்டிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம். ஊசிச் சோதனை வரை மட்டும் செய்து, மற்றதைப் பிறகு யோசிக்கலாம். நார்த் மெல்பர்னில் உள்ள லார்ட் ஸ்மித் போன்ற லாபநோக்கற்ற கால்நடை மருத்துவமனைகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

எதனால் வருகிறது? தெளிவான ஒற்றைக் காரணம் கிடையாது, இனமும் மரபும் பெரிய பங்கு. புல்வெளிக்கு அடிக்கும் 2,4-டி களைக்கொல்லியோடு 1991இல் ஓர் அமெரிக்க ஆய்வு முடிச்சுப் போட்டது, பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தும் எழுதினார்கள். களைக்கொல்லி அடித்த புல் காயும் வரை நாயை விடாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். "நான் என்ன சாப்பாடு போட்டேனோ" என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

கடைசியாக, ஏற்கெனவே மாத்திரையைக் கொடுத்துவிட்டவர்களுக்கு. மறைக்காதீர்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை நாள் என்று எழுதி, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டைப் பல நாள் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், போனில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்தத் தேதி தெரிந்தால்தான் ஊசியை இன்று குத்துவதா, சில நாள் பொறுத்துக் குத்துவதா, நேரே திசுச் சோதனைக்குப் போவதா என்று வெட் முடிவு செய்ய முடியும்.